மீசை வைத்த குப்பிகள்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் ஒழுங்கு. என் முதுகு மட்டும் தனிக்குடித்தனம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. நீ சுகமா? உன் மனைவி சுகமா? நீ மேலே கிரேன் ஓட்ட, கீழே வெயிலில் நின்று உனக்குச் சிக்னல் கொடுக்கிற அந்த அப்பாவி, உன் மச்சான், அவன் சுகமா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன வாரம் எதற்குச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. அதனால் நீ சொன்ன யோசனைதான் சரி, கடிதமே எழுதுவோம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உன் வாய்க்கு அது பெரிய தண்டனை.

சரி, உன் குறும்புக்கு வருகிறேன். லீவில் வந்தவனை ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் ரத்தம் எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். அதற்கு எங்களிடம் எப்போதும் பஞ்சம். யாருடைய அண்ணன் தம்பி வந்து எட்டிப் பார்த்தாலும் கையை நீட்டச் சொல்லிவிடுவோம். ஆனால் உன் எண் அச்சடித்த ஸ்டிக்கர் தாளை உன் கையில் கொடுத்து உட்கார வைத்தேனே, என் புத்தியைச் சொல்லவேண்டும். எந்தக் குப்பி யாருடையது என்று செல்களை எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு கணக்கைச் சாய்த்துவிடும் என்று நாங்கள் பாடுபடுகிறோம். நீ என்னடாவென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே முறுக்கு மீசை வரைந்து வைத்திருக்கிறாய்! குப்பிகளில் ஒட்டி உறைய வைத்த பிறகுதான் பார்த்தேன். மூன்று குளிர்பெட்டிகளில் மூன்று மீசைகள். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கட்டும் என்று அப்படிப் பிரித்து வைப்பது வழக்கம். குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், "யாரும்மா இந்த மீசைக்காரர்?" என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சிரித்தேன். புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவேண்டும். விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்க மறந்துபோனேன். என் வீட்டு மேசையில் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, "மேசைக்கும் தாகம் எடுக்காதா?" என்றாயே, அது என்ன தூக்கக் கலக்கமா, பயணக் களைப்பா? நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

ஜனவரி 30

அக்காவுக்கு,

ஆகாயத்தில் உத்தியோகம் பார்க்கும் தம்பி எழுதுவது. நான் கல்லுப்போல இருக்கிறேன். உன் முதுகிடம் நான் விசாரித்ததாகச் சொல். தனிக்குடித்தனம் போனால் வாடகை யார் கொடுப்பது என்றும் கேட்டுவை.

டீ விஷயம் பயணக் களைப்புதான். அதற்காக ஒரு பத்தி எழுதுவாயா?

நோயில்லாதவர்கள் வரிசையில் என் ரத்தம் இருக்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். "ரத்தம் சரி, மூளையை யாராவது சோதிச்சாங்களா?" என்றாள் என் மனைவி. போன வாரம் ஒரு நாள் மத்தியானம் மச்சானுக்கு உன் ஆராய்ச்சியை விளக்கினேன். கேபினுக்குள் நான், கீழே அவன், நடுவில் வாக்கிடாக்கி. கான்கிரீட் லாரி வரத் தாமதம், வேறு வேலை இல்லை.

"உடம்புக்குள்ள சண்டைக்கார செல்லு இருக்குடா. கிருமி வந்தா அடிக்கும். சிலது குழம்பிப்போய் சொந்த நரம்பையே அடிக்க ஆரம்பிச்சிடும். நரம்பு மேல இருக்கிற உறை கிழிஞ்சு, கை காலு கண்ணு எல்லாம் தகராறு பண்ணும். அது நடக்காம பாத்துக்க இன்னொரு வகை செல்லு இருக்கு. அது மேஸ்திரி. தப்பு பண்றவனைப் பிடிச்சு உட்கார வைக்கும்."

என் வாயில் நுழையாத அந்தப் பெயரை நான் மேஸ்திரி என்று மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மச்சான் விடவில்லை. "ஏன் மாமா, சைட்ல நூறு பேர் இருக்கிறதுக்கே யார் செங்கல்லை உடைச்சான்னு மேஸ்திரிக்குத் தெரியறதில்லை. உடம்புல கோடிக்கணக்குல இருக்கு. எவன் தப்பு பண்றான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

அதற்குள் லாரி வந்து என் மானத்தைக் காப்பாற்றியது. பதில் எழுது, அவன் தினமும் கேட்கிறான்.

ஜூன் மாதம் பக்கத்து சைட்டில் இன்னும் உயரமான கிரேன் வருகிறது. அதை எனக்குத்தான் தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். கண், காது, இதயம் எல்லாம் சோதித்து டாக்டர் சான்றிதழ் வாங்கவேண்டும். மச்சானும் என்னோடு வருகிறான். அவன் கையசைவைத் தவிர வேறு யார் கையசைவையும் நம்பி நான் இரும்பை இறக்க மாட்டேன்.

மீசைக்காரரை நன்றாகக் கவனித்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்பதை விட, தரையில் கால் பாவாமல் இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். உன் மச்சான் கேட்ட கேள்விதான் எங்கள் ஆய்வே! பேராசிரியையிடம் சொன்னேன். "அந்தப் பையனைக் கூட்டிட்டு வா, சேர்த்துக்கலாம்" என்றார்.

அவனுக்கு இப்படிச் சொல். ஒவ்வொரு சண்டைக்கார செல்லின் மேலும் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. எதிரியைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு செல்லின் கை மாதிரி இன்னொன்றின் கை இருக்காது. செல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குள் இருப்பதையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, சிறு துண்டுகளை வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டுகளில் அதன் சொந்த ஏற்பியின் துண்டும் ஒன்று. மேஸ்திரி செல் தேடுவது அதைத்தான். அந்தத் துண்டுக்கென்றே பொருந்துகிற ஏற்பி மேஸ்திரியிடம் இருக்கும். பொருந்தியதும் விழித்துக்கொண்டு அவனை மட்டும் அடக்கும். பக்கத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிறவனைத் தொடாது. எந்தக் கையால் அடிக்கிறானோ அந்தக் கைதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இது எல்லோரும் ஒத்துக்கொண்ட கதை என்று நினைத்துவிடாதே. எங்களிடம் சண்டை போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மாதம் வந்த எண்களைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்பியின் துண்டை நாங்களே செய்து குப்பியில் விடுகிறோம். நோயில்லாதவர்களின் மேஸ்திரிகள் அதைப் பார்த்ததும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நோயாளிகளின் மேஸ்திரிகள் பார்த்தும் பாராததுபோல இருக்கின்றன. இத்தனை தெளிவாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மீசைக்காரர் இன்னும் வரிசையில் நிற்கிறார். அடுத்த வாரம் அவர் முறை. நம் குடும்ப மானம் அவர் கையில். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் தெரிவிக்கவும்.

மச்சானுக்கு உன் பதிலை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கடைசியில், "அப்ப திருடனைப் பிடிக்க அவன் செருப்பே போதும்னு சொல்லுங்க" என்றான்.

இங்கே கேபினுக்குள் வெயில் அடுப்பு மாதிரி இருக்கிறது. கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. மச்சானுக்குப் புது மேல்சட்டை வாங்கிக் கொடுத்தேன், பளீரென்ற மஞ்சள். சிக்னல் கொடுக்கிறவர்களுக்கு சிவப்புதான் வழக்கம், மற்றவர்களுக்கு நீலம். ஆனால் இந்த சிவப்பு மட்டமான துணி, மேலிருந்து பார்த்தால் வெளுத்துப்போய் மண்ணோடு மண்ணாகத் தெரிகிறது. மஞ்சளில் அவன் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறான். எல்லோரும் கேலி செய்கிறார்கள், அவன் என்னைத் திட்டுகிறான்.

மீசைக்காரர் முதல் மார்க் வாங்கினாரா? உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் எப்படி? பதில் தாமதமாகிவிட்டது, வேலை அப்படி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது, மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் தேய்கிறது. பேராசிரியை ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். பக்கத்து அறையில் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. முதுகு பரவாயில்லை.

நீ நன்றாகத் தூங்குகிறாயா? தலைவலி உண்டா? கேபின் சூட்டில் இருந்து இறங்கும்போது கண் எப்படி இருக்கிறது? கைகால் மரத்துப்போகிறதா? டீயெல்லாம் ஒழுங்காகக் கோப்பைக்குள் விழுகிறதா? அந்தப் பழைய சிவப்புச் சட்டை மச்சானுடைய கண்ணுக்கும் வெளுத்துத்தான் தெரிந்ததா, கேட்டுச் சொல்.

இன்னொரு விஷயம். உன் குப்பி உடைந்துபோய்விட்டது. மறுபடியும் கொஞ்சம் ரத்தம் வேண்டும். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. வந்தால் இங்கே தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஜூன் மாதச் சான்றிதழுக்கு முன்னால் சும்மா ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடலாம். நல்ல டாக்டர், காத்திருக்க வைக்க மாட்டார்.

கட்டாயம் வா.

அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

சுகம். சுகம்தானே கேட்டாய், சுகம்.

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் ஜன்னலை உடைத்தபோது என்னைக் காப்பாற்றப் போய், "காத்துல தானா உடைஞ்சுது" என்று சொல்லி இரண்டு பேரையும் மாட்டிவிட்டவள் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். மூன்று குளிர்பெட்டியில் மூன்று குப்பி என்று ஜனவரியில் நீதான் எழுதினாய், கடிதம் என் முன்னால் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக உருண்டு விழுந்து உடைந்தனவா?

மார்க் என்ன என்று கேட்டேன். நீ சுவர் வண்ணத்தைப் பற்றி எழுதுகிறாய். மீசைக்காரர் என்று ஒரு வார்த்தை உன் கடிதத்தில் இல்லை. என்னுடைய தலைவலியையும் தூக்கத்தையும் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி. அப்படியென்ன சொன்னார் அந்த மீசைக்காரர்?

சொல்லாமல் இருப்பதென்றால் ஒழுங்காகச் சொல்லாமல் இரு. பாதியைச் சொல்லி மீதியை என் தலைமாட்டில் வைக்காதே.

லீவு கிடையாது. ஜூனில் புது கிரேன் வருகிறது. இந்த நேரத்தில் டாக்டர், கண் என்று யார் காதிலாவது விழுந்தால் என்னை வாழ்நாள் முழுக்கத் தரையில் மண் சுமக்க விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். மேலே உட்கார்ந்தால்தான் நான் ஒரு ஆள். எனக்கு ஒன்றும் இல்லை, எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி

மே 5

தம்பி,

உன் நலத்தை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவேண்டும்.

குப்பி உடையவில்லை. மூன்றையும் நான்தான் தீர்த்தேன். முதல் குப்பியில் உன் சண்டைக்காரர்கள் பெருகிக்கொண்டே போனார்கள், மேஸ்திரிகள் துண்டைப் பார்த்தும் அசையவில்லை. நான் ஏதோ தப்பாகக் கலந்துவிட்டேன் என்று இரண்டாவதை எடுத்தேன். அதே பதில். இயந்திரம் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டு அதைப் பழுது பார்க்க வைத்து, மூன்றாவதை எடுத்தேன். அதற்கு மேல் கேட்க குப்பி இல்லை.

பேராசிரியைக்கு அது ஒரு எண்தான். "நோயில்லாதவங்கள்ல ஒண்ணு மட்டும் கோணலா வருது. ரத்தம் எடுத்தப்ப ஏதோ கெட்டுப்போயிருக்கும், தூக்கிப் போட்டுடு" என்றார். தூக்கிப் போட்டிருந்தால் எங்கள் வரைபடம் எவ்வளவு அழகாக வந்திருக்கும் தெரியுமா! ஆனால் நான் போடவில்லை. இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது. அந்த எண்ணுக்கு மீசை இருக்கிறது.

ரத்தம் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. விதி முட்டாள்தனமானது இல்லை. எங்கள் சோதனையை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நோயே இல்லாத ஒருவரை நாங்கள் பயமுறுத்திவிடலாம். அதனால்தான் ஒன்றரை மாதம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் மேல் கோபமாக வந்தது. அந்த மீசையை ஏன்டா வரைந்தாய்? வரையாவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே.

உன் கடிதம் வந்த அன்று பேராசிரியையின் அறைக்குப் போய் மீசையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஜனவரியிலேயே சொல்லியிருக்கவேண்டும் என்றார், சரிதான். உன் எண்ணை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னையும் செல் எண்ணுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அறையை விட்டு வரும்போது, "இதுக்கு மேல நீ அக்காவா என்ன செய்யறேங்கறதை நான் கேட்கலை" என்றார்.

அக்காவாக எழுதுகிறேன். மீசைக்காரரை விட்டுத்தள்ளு. என்னைப் பயமுறுத்தியது உன் மச்சானுடைய மஞ்சள் சட்டை. ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துப்போகிறது என்று எங்கள் நோயாளிகள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சூட்டில் கூடும். பொருள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கை போகும். வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம், கண்ணாடி போட்டால் சரியாகிற விஷயமாகவும் இருக்கலாம். போய்க் காட்டினால்தான் தெரியும். இதுதான் என்றால் இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் கண்ணையும் கையையும் காப்பாற்றலாம்.

விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிப் பக்கத்தை நிரப்புவது என் வித்தை. ஜோக் அடிப்பது உன் வித்தை. இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு. அதனால் என்னை நீ கண்டுபிடித்தாய், உன்னை நான் கண்டுபிடித்தேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்பாக எதையாவது பார். பிறகு மற்ற கண்ணை மூடிப் பார். அதுவரை மேலே ஏறாதே. கீழே மச்சான் நிற்கிறான்.

அக்கா

மே 23

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்கவேண்டும். நாங்கள் இருக்கிறோம். நான் இதற்கு முன் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அக்கா சுகமாம்" என்றார். மறுநாள் சட்டை துவைக்க எடுத்தபோது நான் படித்தேன். திருட்டுத்தனம்தான், வேறு வழி தெரியவில்லை.

அன்று முதல் அவர் ஜோக் சொல்வதில்லை. குளியலறையில் சிவப்பு வாளி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்துகிறார், அப்புறம் மற்ற கண்ணைப் பொத்துகிறார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "வாளி ஒழுகுதான்னு பார்க்கறேன்" என்கிறார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்களோடு சண்டை போடுகிறார். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். அப்புறம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிரேன் ஏறப் போய்விடுகிறார்.

அண்ணி, கீழே நிற்பது என் தம்பி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. மாமா மேலே இருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடியில் நிற்பான். இரும்புக் கட்டு அவன் தலைக்கு மேலே போகிறது. சாயங்காலம் இரண்டு பேரின் செருப்புச் சத்தமும் கேட்கிறவரை என் உயிர் என்னிடம் இல்லை.

மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை சைட் வாசல் வரை போய்த் திரும்பினேன். சொன்னால் இவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். சொல்லாமல் ஏதாவது நடந்தால் நான் எப்படி உயிரோடு இருப்பது? என்ன செய்யட்டும், சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மே 26

அன்புத் தங்கைக்கு,

நீ செய்தது திருட்டு இல்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கையில் கிடைத்த உடனே செய்.

மேனேஜரிடம் போனால் என் தம்பியின் வேலை போகும், அவ்வளவுதான். உன் புருஷனை எனக்குத் தெரியும். வேறு ஊருக்குப் போய் வேறு கிரேனில் ஏறுவான். அங்கே கீழே நிற்கிறவனுக்கு இவன் யாரென்றே தெரியாது. அது இதைவிட மோசம். இவனை அடக்க, இவனை நன்றாகத் தெரிந்த ஒருவன்தான் வேண்டும்.

உன் தம்பியிடம் சொல். அவன் சின்னப் பையன் இல்லை, அவன் தலைக்கு மேலேதான் இரும்பு தொங்குகிறது. தெரிந்துகொள்ள அவனுக்குத்தான் முதல் உரிமை. நீ சட்டைப் பையில் பார்த்த என் கடிதத்தை அவனிடம் கொடு. இவன் அடுத்த தடவை ஏறுவதற்கு முன்னால் கொடு. அதற்கும் அடங்கவில்லையென்றால் மேனேஜருக்கு நானே எழுதுகிறேன். பழி என் மேல் இருக்கட்டும், உனக்கு வேண்டாம்.

தைரியமாக இரு.

அண்ணி

ஜூன் 24

அக்காவுக்கு,

முதலில் நலம் விசாரிக்கவேண்டும் அல்லவா? நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்பது பெரிய கதை.

என் மனைவிக்கு உன் கூரியர் வந்த மறுநாள் காலை மச்சான் பழைய சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். மஞ்சள் எங்கே என்றேன். அவனுடைய அக்கா துவைக்கப் போட்டிருக்கிறாள் என்றான். நான் ஏறிவிட்டேன். உட்கார்ந்ததும் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்.

"மாமா, ஹூக்குல ஒண்ணும் மாட்டலை. வெறும் ஹூக்தான். வலது கண்ணை மூடிக்கோங்க. இடது கண்ணால மட்டும் பார்த்து எங்கிட்ட இறக்குங்க."

"காலங்காத்தால என்னடா விளையாட்டு?"

"மூடிட்டீங்களா?"

அவன் குரல் அவன் குரலாக இல்லை. மூடினேன். இடது கண்ணில் கீழே எல்லாம் புகை மூட்டம் மாதிரி இருந்தது. அங்கங்கே நீலச் சட்டைகள் தெரிந்தன. சிவப்பு எங்கேயும் இல்லை. ஹூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே தேடினேன்.

"நான் எங்க நிக்கறேன் மாமா?"

"லாரிகிட்ட" என்றேன். எப்போதும் அங்கேதான் நிற்பான், அதனால் சொன்னேன்.

அப்புறம், "நான் லாரிகிட்ட இல்லை மாமா. ஹூக்குக்கு நேர் கீழ நிக்கறேன். இன்னும் ஒரு ஆள் உயரம் இறக்குனீங்கன்னா என் தலை" என்றான்.

வலது கண்ணைத் திறந்தேன். அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றான். சிக்னல் எதுவும் காட்டவில்லை. நான் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதற்கு அப்புறம் அந்தக் கை அதைத் தொடவில்லை.

கீழே இறங்கி வந்தேன். ஜோக் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதேன் அக்கா. எனக்கு அவ்வளவு பயம். குளியலறைச் சிவப்பு வாளியை ஒற்றைக் கண்ணால் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏறினேன், அவன் தலைக்கு மேலே இரும்பைக் கொண்டுபோனேன். இதைச் சொல்லாமல் உனக்குக் கடிதம் எழுத முடியாது. மச்சான் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு மேனேஜரிடம் போய், "மாமாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொன்னான்.

நீ பயந்ததுதான். ஸ்கேனில் மூளையில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரிகின்றன. படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். இடது கண்ணில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, வாளி இப்போது கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது. விரல் மெதுவாக வருகிறது. இனி தொடர்ந்து ஊசி. சீக்கிரம் வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று என் மனைவி சொல்கிறாள். மச்சானுடைய தலையைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

உயர கிரேன் வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. வயிறு எரியத்தான் செய்கிறது, இல்லை என்று உன்னிடம் எதற்குச் சொல்லவேண்டும்? மேனேஜர் என்னை சைட் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார், எந்தச் சரக்கு எப்போது மேலே போகவேண்டும் என்று சொல்கிற வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிரேன் தெரிகிறது. முதல் வாரம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது பக்கவாட்டில் உட்காருகிறேன்.

உன் பேராசிரியையிடம் சொல். ரத்தம் கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை நோயாளிகள் வரிசையில். இங்கே ஆஸ்பத்திரியிலேயே எடுத்து அனுப்புகிறார்கள். ஸ்டிக்கர் தாளை என் கையில் கொடுத்தார்கள். பேனாவும் பையில் இருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எது என்னுடையது என்று உனக்குத் தெரியவேண்டாம். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

தம்பி

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உண்மையான சுகம், முதுகையும் சேர்த்து. உன் கண், உன் விரல், உன் மனைவி, என் தெய்வம் உன் மச்சான், எல்லோரையும் பற்றி ஒவ்வொன்றாக எழுது.

இந்த வாரம் புது வரிசை தொடங்கியது. என்னை மறுபடியும் எண்ணுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த குப்பிகள், எண்களைக் கலைத்து அடுக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு ஸ்டிக்கரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குளிர்பெட்டிப் பெரியவர், "என்னம்மா தேடறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றிலும் மீசை இல்லை. அதனால் எல்லாவற்றையும் உன்னுடையதாக நினைத்துத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா